ஆபீசுக்கும் ட்ராக்குக்கும் ஒரே டயரா?

வருஷத்துக்கு இரண்டு மூன்று நாள் ரேஸ் ட்ராக், மிச்ச நாளெல்லாம் அதே காரில் ஆபீஸ். இப்படி ஓட்டுகிறவர் பார்க்க வேண்டிய டயர்கள் மூன்று ரகம். மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ் மாதிரியான ஸ்போர்ட்ஸ் டயர் ஒன்று. பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்ஸா ஆர்இ-71ஆர்எஸ், யோகோஹாமா அட்வான் ஏ052 வரும் '200' ரகம் இன்னொன்று. டோயோ ப்ராக்ஸஸ் ஆர்888ஆர் மாதிரி, ரோட்டிலும் ஓட்டலாம் என்று பெயருக்குச் சொல்லக்கூடிய அரை ரேஸ் டயர் மூன்றாவது.

அந்த 200 என்பது சைடுவாலில், அதாவது டயரின் பக்கச்சுவரில், இருக்கும் ட்ரெட்வேர் (தேய்மான) எண். 4எஸ்ஸுக்கு 300, ஆர்888ஆருக்கு 100. எண் குறையக் குறைய ரப்பர் இளகும், கிரிப் கூடும், சீக்கிரம் தேயும். ஆனால் இதை அந்தந்தக் கம்பெனியே சோதித்துப் போட்டுக்கொள்கிறது. அதனால் ஒரு கம்பெனியின் 200-ஐ இன்னொன்றின் 200-உடன் ஒப்பிட்டுப் பயனில்லை. பல அமெச்சூர் போட்டிகளில் 200-க்குக் கீழே அனுமதியில்லை என்பதால், சரியாக அந்தக் கோட்டில் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள் என்பது வேறு கதை.

தினசரி ஓட்டத்தில் 4எஸ்ஸை மற்ற இரண்டும் நெருங்க முடியாது. மழையில் தண்ணீரை நன்றாக வெளியே தள்ளும், சத்தம் குறைவு, நாள்பட உழைக்கும். ட்ராக்கில்தான் அதன் பலவீனம் தெரியும். முதல் இரண்டு மூன்று லேப் ஜோராகப் போகும். பிறகு ஆழமான பட்டன்கள் நெளிந்து நெளிந்து சூடேறும். முன்பக்கம் வளைவில் வெளியே தள்ள ஆரம்பிக்கும், பிரேக்கை முன்கூட்டியே மிதிக்க வேண்டிவரும். ஒரு லேப் நிதானமாக ஓட்டி ஆறவிட்டால் கிரிப் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும்.

200 ரகம் இந்தச் சூட்டுக்கென்றே செய்தது. அதற்குள்ளும் வித்தியாசம் உண்டு: ஏ052 சட்டென்று சூடாகிப் பிடித்துக்கொள்ளும், ஒன்றிரண்டு லேப் பறக்கும், விடாமல் விரட்டினால் சோர்ந்துபோகும். ஆர்இ-71ஆர்எஸ் இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். அதற்கான விலையை ரோட்டில்தான் கொடுக்க வேண்டும். சூடான ரப்பர் பொடிக்கல்லை எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்து வீல் ஆர்ச்சுக்குள் படபடவென்று அடிக்கும். பட்டன் பாதி தேய்ந்தபின் மழையில் வேகம் குறைத்தே ஆக வேண்டும்.

ஆர்888ஆர்? தினமும் ஓட்டும் காருக்கு வேண்டாம். தண்ணீர் ஓடும் காடியும் குறைவு, ஆழமும் குறைவு; தேங்கிய தண்ணீரில் மிதக்கத் தொடங்கிவிடும். தனியாக ஒரு செட் ரிம் இருந்தால் அப்போது யோசிக்கலாம். குளிர் ஊர்க்காரர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 7 டிகிரிக்குக் கீழே இந்த மூன்று ரகமுமே விறைத்துப்போகும்.

முதல் வருஷம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு 4எஸ் ரகம் என்பேன். வழுக்குவதற்கு முன் கீச்சிட்டு எச்சரிக்கும். ஒட்டும் டயர் ஓட்டுபவரின் தப்பை மூடி மறைத்துவிட்டு, வேகம் கூடியபின் ஒரேயடியாகக் கைவிடும். தவிர, கிரிப் கூடினால் பிரேக்குக்கும் சுமை கூடும். பழைய பிரேக் ஆயிலோடு 200 ரகம் மாட்டிப் போனால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும்.

எதை மாட்டினாலும் காற்றழுத்தத்தை மட்டும் கவனிக்காமல் இருந்துவிடாதீர்கள். வெப்பம் 5, 6 டிகிரி ஏறினால் சுமார் 1 பிஎஸ்ஐ ஏறும். காலையில் 32 வைத்தது சில லேப்பில் 40-ஐத் தொடலாம். பல டயர்களில் ஓரத்தில் சின்ன முக்கோணக் குறி இருக்கும். தேய்மானம் அதன் முனைவரை வந்து நின்றால் அழுத்தம் சரி. அதைத் தாண்டி சைடுவால் பக்கம் இறங்கினால் காற்று போதவில்லை. சூட்டில் ஏறிய அழுத்தத்தை 34-க்கு இறக்கிவிட்டு அப்படியே வீட்டுக்குக் கிளம்பினால், ஆறியபின் 26, 27-இல் வந்து நிற்கும். கிளம்பும் முன் பம்பை வெளியே எடுங்கள்.