திருகாணியில் பூட்டிய கழுத்தா, ஒட்டிய கழுத்தா: என்னிடம் இருந்த கிதார்களை வைத்து ஓர் ஒப்பீடு

கிதார்களை ஒப்பிடும் பேச்சு பெரும்பாலும் ஒலியில் தொடங்கி ஒலியிலேயே முடிந்துவிடும். நைலான் கம்பி பூட்டிய கிளாசிக்கல், பெரிய உடலுள்ள ஸ்டீல் கம்பி ட்ரெட்நாட், மின் கிதார்களான லெஸ் பால், ஸ்ட்ராட்டோகாஸ்டர், டெலிகாஸ்டர் ஆகிய ஐந்தையும் வெவ்வேறு காலங்களில் சொந்தமாக வைத்திருந்து, சிலவற்றை விற்றும் சிலவற்றை வைத்துக்கொண்டும் பார்த்த எனக்கு, ஒலியைவிட முக்கியமாகத் தோன்றும் கேள்வி ஒன்று உண்டு: கழுத்து உடலோடு எப்படிச் சேர்க்கப்பட்டிருக்கிறது? ஒரு கருவியோடு நெடுங்காலம் இருக்கப்போகிறவருக்குப் பராமரிப்புச் செலவையும் தலைவலியையும் தீர்மானிப்பது இந்த ஒரு மூட்டுதான் என்பது என் கருத்து. அந்த வகையில் டெலிகாஸ்டர் மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஒலியைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். டெலிகாஸ்டரின் ஒற்றைச் சுருள் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) கூர்மையானது. நெருக்கமாக வாசிக்கும் குழுவிலும் தனித்துக் கேட்கும். லெஸ் பாலில் 1957 முதல் பொருத்தப்பட்ட ஹம்பக்கர் வகைப் பிக்கப், இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து மின் இரைச்சலை அடக்குகிறது. அதன் ஒலி தடித்தது. டெலிகாஸ்டரின் இரைச்சல் உண்மையான குறைதான். டிம்மர் விளக்குகள் உள்ள மேடையில், பாட்டுக்கு நடுவே மௌனம் வரும் இடங்களில், அந்த ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்பது எரிச்சலூட்டும். ஆனாலும் இரண்டையும் கொண்டு எல்லா வகை இசையையும் வாசித்தவர்கள் இருக்கிறார்கள். இதற்கு மேல் இதில் வாதிட ஒன்றுமில்லை.

கழுத்தின் சிக்கல் மின்சாரம் இல்லாத அக்கூஸ்டிக் கிதார்களில் இன்னும் வெளிப்படையாகத் தெரியும். கிளாசிக்கல் கிதாரில் கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 40 கிலோதான். மரபான ஸ்பானியக் கட்டுமானத்தில் கழுத்தின் அடிக்கட்டையிலேயே பக்கப் பலகைகளைச் செருகி உடலைக் கட்டுவதால், பின்னாளில் கழுத்தைத் தனியே கழற்ற வழியில்லை. இழுவிசை குறைவு என்பதால் பெரும்பாலும் அதற்குத் தேவையும் வருவதில்லை. ட்ரெட்நாட் அப்படியல்ல. 0.012 அங்குலத்தில் தொடங்கும் கம்பிகளைப் பூட்டினால் 70 கிலோவுக்கும் மேற்பட்ட இழுவிசை ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் அதன் மேல் இருந்துகொண்டே இருக்கும். மேல்பலகை, கம்பிகளின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜுக்குப் பின்னால் மெல்லப் புடைக்கும், கழுத்தின் கோணம் சரியும், கம்பிகள் விரல்பலகையின் உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளைவிட்டு உயரும். பிரிட்ஜின் மேல் கம்பிகள் தொடும் சேடிலைத் தேய்த்து உயரத்தைக் குறைத்துக்கொண்டே போகலாம். தேய்ப்பதற்குச் சேடிலே மிச்சமில்லாத நிலை வரும்போது, டவ்டெயில் என்ற செருகி ஒட்டிய மூட்டுக்குள் நீராவி செலுத்திப் பசையை இளக்கி, கழுத்தைக் கழற்றி, அடிப்பகுதியைச் செதுக்கி, மறுபடியும் ஒட்ட வேண்டும். இது தேர்ந்த கைவினைஞரின் வேலை, அதற்கான கூலியும் அப்படித்தான் இருக்கும். டெய்லர் நிறுவனம் 1999-இல், போல்ட்டுகளால் பொருத்திய கழுத்தின் கோணத்தை இடையில் வைக்கும் மெல்லிய துண்டுகளை மாற்றியே சரிசெய்யும் முறையைக் கொண்டுவந்தது. அந்த வகைக் கிதாரைச் சொந்தமாக வைத்திருந்து பழகாததால், காகிதத்தில் அது நல்ல தீர்வாகத் தெரிகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மின் கிதார்களில் ஒப்பீடு இன்னும் நேரடியானது. 1950-இல் ஃபெண்டர் வெளியிட்டு, 1951-இல் டெலிகாஸ்டர் என்று பெயர் பெற்ற கிதாரில் கழுத்தும் உடலும் நான்கு திருகாணிகளால் சேர்க்கப்பட்டிருக்கின்றன. லியோ ஃபெண்டர் ரேடியோ பழுதுபார்க்கும் தொழிலிலிருந்து வந்தவர். எதையும் கழற்றிப் பார்த்து, கெட்டதை மட்டும் மாற்றும் மனம் அந்த வடிவமைப்பு முழுவதிலும் தெரிகிறது. 1952-இல் வந்த கிப்ஸன் லெஸ் பால், வயலின் குடும்பத்தை ஒட்டிச் செதுக்கிய ஆர்ச்டாப் கிதார்களின் மரபில் வந்தது. அதன் கழுத்து உடலுக்குள் செருகி ஒட்டப்படுகிறது. பார்வைக்கு லெஸ் பாலின் அழகு வேறு எதற்கும் வராது. அதை மறுக்க மாட்டேன்.

கழுத்தில் இரண்டு விதமான நகர்வுகள் உண்டு, இரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். ஒன்று வளைவு: கம்பிகளின் இழுவையாலும் ஈரப்பத மாற்றத்தாலும் கழுத்து வில்லைப்போல முன்னோக்கியோ பின்னோக்கியோ வளையும். இதற்குக் கழுத்துக்குள் ஓடும் ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைக் கால் சுற்றுத் திருகினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். ஏறக்குறைய எல்லா மின் கிதார்களிலும் இதற்கு வசதி இருக்கிறது. இரண்டாவது, கழுத்து உடலோடு சேரும் கோணம். இதை ட்ரஸ் ராட் தொடவே தொடாது. டெலிகாஸ்டரில் கம்பிகளைத் தளர்த்தி, நான்கு திருகாணிகளைக் கழற்றி, கழுத்து அமரும் பள்ளத்தில் அட்டை கனமுள்ள ஒரு துண்டை வைத்துத் திரும்ப முடுக்கினால் கோணம் மாறிவிடும். ஸ்க்ரூடிரைவர் ஒன்றும் பொறுமையும் இருந்தால் ஒரு மாலைப் பொழுதில் முடியும் வேலை. லெஸ் பாலில் அந்தக் கோணம் தொழிற்சாலையில் பசை காய்ந்த அன்றே முடிவாகிவிடுகிறது. பிரிட்ஜை ஏற்றி இறக்கும் அளவுக்குள் குறை அடங்கினால் பிழைத்தோம். அடங்காவிட்டால் ட்ரெட்நாட்டுக்குச் சொன்ன அதே நீராவி வைத்தியம்தான், கூடவே பாலிஷும் கெடும்.

அதைவிடப் பெரிய வேறுபாடு தலையில் இருக்கிறது. லெஸ் பாலின் ஹெட்ஸ்டாக் கழுத்திலிருந்து 17 பாகை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இடையில் சில காலம் அது 14 பாகையாகக் குறைக்கப்பட்டதும் உண்டு. ஒரே மஹோகனிக் கட்டையிலிருந்து இந்தச் சாய்வை வெட்டும்போது, மரத்தின் ரேகை அந்த இடத்தில் நீளவாக்கில் ஓடாமல் குறுக்கே முடிந்துவிடுகிறது. போதாததற்கு, ட்ரஸ் ராடைத் திருகும் நட்டுக்காக அதே இடத்தில்தான் மரத்தைக் குடைந்திருக்கிறார்கள். கிதார் மல்லாந்து விழுந்தால் முதலில் தரையில் படுவதும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தத் தலைதான். பெட்டிக்குள் இருக்கும்போது விழுந்துகூட முறிந்தவை உண்டு. என்னுடையது கடைசிவரை முறியவில்லை, ஆனால் ஒவ்வொரு பயணத்திலும் அந்தப் பயத்தைச் சுமந்துகொண்டுதான் போனேன். டெலிகாஸ்டரின் தலையில் சாய்வு கிடையாது. கடினமான மேப்பிள் மரத்தின் ரேகை கழுத்திலிருந்து நேராக ஓடுகிறது, விழுந்தால் பெரும்பாலும் பெயிண்ட்தான் பெயரும். அப்படியும் கழுத்து கெட்டுப்போனால் வேறொரு கழுத்தை வாங்கித் திருகிக்கொள்ளலாம். அடிப்பகுதியின் அகலம் ஏறத்தாழ 56 மில்லிமீட்டர் என்று நிலைபெற்றுவிட்டதால், வேறு தயாரிப்பாளர்களின் கழுத்துகளும் பொதுவாகப் பொருந்துகின்றன.

டெலிகாஸ்டருக்கு இந்த விஷயத்தில் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. பழைய பாணியில் செய்தவற்றில் ட்ரஸ் ராடின் திருகு கழுத்தின் அடிமுனையில் இருக்கும். கால் சுற்றுத் திருக வேண்டுமென்றாலும் கழுத்தைக் கழற்றி, திருகி, மாட்டி, கம்பிகளுக்குச் சுருதி சேர்த்துப் பார்த்து, போதவில்லை என்றால் மறுபடி கழற்ற வேண்டும். அடிக்கடி கழற்றினால் மரத்தில் திருகாணிகளின் புரியும் தேய்ந்துபோகும். மேப்பிள் விரல்பலகைக்கு மேலேயே பாலிஷ் பூசியிருப்பதால், தேய்ந்த ஃப்ரெட்டுகளை மாற்றும்போது அந்தப் பூச்சையும் புதுப்பிக்க வேண்டியிருக்கும். ரோஸ்வுட் பலகையுள்ள லெஸ் பாலில் அந்தத் தொல்லை இல்லை. தவிர, மூன்று சேடில்கள் மட்டுமே உள்ள பழைய பாணி பிரிட்ஜில் இரண்டு கம்பிகளுக்கு ஒரே சேடில் என்பதால், மேல் ஃப்ரெட்டுகளில் சுருதியைத் துல்லியமாகச் சேர்க்க முடியாது. ஆறு சேடில் உள்ளதை வாங்குவதே நல்லது என்பேன். பித்தளைச் சேடில்களின் ஒலிக்காக மூன்றையே விரும்புகிறவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

ஸ்ட்ராட்டோகாஸ்டரிலும் இதே திருகிய கழுத்துதான், உடலோடு ஒட்டி உட்காரும் வடிவத்தில் அது டெலிகாஸ்டரைவிட மேல். அதை நான் விற்றதற்குக் காரணம் ட்ரெமோலோ (சுருதியை ஏற்றி இறக்கும், ஸ்பிரிங்குகளில் நிற்கும் பிரிட்ஜ்): ஒரு கம்பி அறுந்தால் ஸ்பிரிங்குகளின் சமநிலை போய் மற்ற ஐந்தின் சுருதியும் ஏறிவிடும். ட்ரெமோலோவை அடைத்துவிட்டு வாசிப்பவர்களுக்கு இந்தக் குற்றச்சாட்டு பொருந்தாது.

லெஸ் பால் பக்கம் தராசு சாயும் இடமும் உண்டு. அதன் கம்பி நீளம் 24.75 அங்குலம், டெலிகாஸ்டருடையது 25.5. அதே கம்பிகளை அதே சுருதியில் பூட்டினால் லெஸ் பாலில் இழுவிசை ஏறக்குறைய 6 சதவீதம் குறையும். கம்பியை இழுத்து வாசிப்பவரின் விரல்களுக்கு இந்த வேறுபாடு நன்றாகவே தெரியும். ஆனால் எடையில் தோற்றுப்போகும். 4 கிலோவைத் தாண்டுவது சாதாரணம், நீண்ட நிகழ்ச்சியில் இடது தோள் அதை நினைவுபடுத்திக்கொண்டே இருக்கும். ஒட்டிய கழுத்தால் ஒலி நீண்டு நிற்கிறது என்று பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். என் காதுக்கு அந்த வேறுபாடு கழுத்தால் வந்ததா, பிக்கப்பால் வந்ததா என்று பிரித்துச் சொல்ல முடிந்ததில்லை.

மறுவிற்பனையில் என் அனுபவம் குறைவு. முறிந்து ஒட்டிய ஹெட்ஸ்டாக் நன்றாக ஒட்டப்பட்டிருந்தால் வாசிப்பில் எந்தக் குறையும் தெரியாது, ஆனாலும் விலை வெகுவாக இறங்கிவிடும். டெலிகாஸ்டரிலும் கழுத்தை மாற்றியிருந்தால் சேகரிப்பாளர்கள் முகம் சுளிப்பார்கள். வாசிப்பதற்காக வாங்குகிறவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இரண்டில் எதைப் பழையதாக வாங்கினாலும் முதலில் கம்பிகளின் உயரத்தைப் பார்த்துவிட்டு, பிரிட்ஜைப் பார்க்க வேண்டும். லெஸ் பாலில் பிரிட்ஜ் முழுவதும் இறங்கியிருந்தும் கம்பிகள் உயரமாகவே நின்றால், கோணத்தைச் சரிசெய்ய இனி இடமில்லை என்று பொருள். கழுத்தும் தலையும் சேரும் இடத்தில் பாலிஷில் மெல்லிய கோடு ஓடுகிறதா என்றும் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். டெலிகாஸ்டரில் சேடில்கள் முழுவதும் இறங்கியிருந்தாலும் எனக்குக் கவலையில்லை, ஓர் அட்டைத் துண்டோடு சரியாகிவிடும். ஆனால் கழுத்துத் திருகாணிகள் நான்கும் இறுகப் பிடிக்கின்றனவா, அல்லது பிடிப்பில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கின்றனவா என்பதை விற்பவரின் எதிரிலேயே திருகிப் பார்த்துவிடுவேன்.