மிசௌரியா, யெல்லோஸ்டோனா? லூயிஸ்–கிளார்க் தடத்தில் சைக்கிளில் போகிறவர்களுக்கு

அமெரிக்காவின் மேற்கே பசிபிக் வரை வழி தேடி, லூயிஸ், கிளார்க் என்ற இரு தலைவர்களோடு 1804 மே மாதம் செயின்ட் லூயிஸ் பக்கமிருந்து கிளம்பிய லூயிஸ்–கிளார்க் குழு, மறு ஆண்டு நவம்பரில் பசிபிக் கரையைத் தொட்டது. அந்தத் தடத்தில் சைக்கிள் மிதிப்பவர்களுக்கு வடக்கு டகோட்டா வரை குழப்பமில்லை, மிசௌரி ஆற்றைப் பிடித்துக்கொண்டு போகலாம். மொன்டானா எல்லையில் யெல்லோஸ்டோன் ஆறு வந்து கலக்கும் இடத்தில்தான் கேள்வி எழுகிறது. வடக்கே மிசௌரி வழி, 1805-ல் குழு போனது. தெற்கே யெல்லோஸ்டோன் வழி, 1806-ல் கிளார்க் திரும்பி வந்தது. இரண்டும் மொன்டானாவிலுள்ள த்ரீ ஃபோர்க்ஸ் என்ற ஊரில் சந்திக்கின்றன.

அவர்கள் போன வழியில்தானே போக வேண்டும் என்று மனம் முதலில் வடக்கைத்தான் கேட்கும். ஆனால் ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள். வடக்கு வழியின் நெடுஞ்சாலை 2, கிளாஸ்கோ ஊருக்குக் கொஞ்சம் முன்பே மில்க் ஆற்றோடு போய்விடுகிறது. மிசௌரியோ தெற்கே, சாலையே இல்லாத கரடுமுரடான பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடுகிறது. பல நாள் கோதுமை வயலும் சரக்கு ரயிலும்தான் துணை. உடம்புக்கு முடியாமல் போனால் அதே தடத்தில் ஓடும் ஆம்ட்ராக் ரயில் கிளாஸ்கோ, மால்டா, ஹாவ்ரேயில் நிற்கும். தெற்கு வழியில் பயணிகள் ரயிலே கிடையாது.

லோமா என்ற ஊரில் மறுபடி மிசௌரி கிடைக்கிறது. மரியாஸ் ஆறு வந்து சேரும் இந்த இடத்தில் எது உண்மையான மிசௌரி என்று தெரியாமல் குழு 1805 ஜூனில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியது. ஆட்கள் ஏறக்குறைய எல்லோரும் கலங்கிய வடக்கு ஆறுதான் என்றார்கள். தலைவர்கள் இருவரும் தெற்கு என்றார்கள், அதுதான் சரியாக இருந்தது. அப்புறம் கிரேட் ஃபால்ஸ். ஐந்து அருவிகளைச் சுற்றிக்கொண்டு சுமார் 29 கி.மீ. தரையில் படகுகளை இழுத்தார்கள். காட்டன்வுட் என்ற பாப்லர் வகை மரத்தை வட்டமாக அறுத்துச் சக்கரம் செய்தார்கள். காற்று வாகாக அடித்தபோது வண்டி மேலிருந்த படகுக்குப் பாய் கட்டினார்கள். சப்பாத்திக்கள்ளி முள் தோல் செருப்பைத் துளைத்துக் காலில் ஏறியது. இந்த ஓரிடத்துக்காகவே வடக்கு வழியை என்னால் விட முடியாது. ஊருக்குள் ஆற்றோரமாக நல்ல சைக்கிள் பாதையும் இருக்கிறது.

தெற்கில் சாலை ஆற்றை விட்டு அதிகம் விலகுவதில்லை. கிளென்டைவ், மைல்ஸ் சிட்டி, பில்லிங்ஸ் என்று தண்ணீருக்கும் சாப்பாட்டுக்கும் ஊர்கள் உண்டு. தொல்லை என்றால், சில இடங்களில் இன்டர்ஸ்டேட் என்ற விரைவுச்சாலையின் ஓரத்திலேயே ஓட்ட வேண்டும். மொன்டானாவில் அது சட்டப்படி சரிதான், ஆனால் லாரி இரைச்சல் காதை அடைக்கும். அங்கே கோட்ஹெட் என்று ஒரு முள்ளுக்குப் பயப்படுகிறார்கள், நம்மூர் நெருஞ்சியேதான். ரோட்டோரப் புல்லில் சைக்கிளை உருட்டாதீர்கள், தூக்கிக்கொண்டு போங்கள். டியூபுக்குள் ஓட்டையை அடைக்கும் சீலன்ட் ஊற்றிக்கொள்வது நல்லது.

என்னைக் கேட்டால், அவர்கள் எந்தத் திசையில் போனார்களோ அந்தத் திசையில் ஓட்டுங்கள். முழுத் தடமும் போகிறவர் மேற்கு நோக்கி வடக்கு வழியில் போகட்டும். எதிர்காற்று வாட்டும், நீரோட்டத்தை எதிர்த்துப் படகு இழுத்தவர்களின் பாடு அப்போதுதான் உடம்பில் ஏறும். இரண்டு வாரம்தான் லீவு என்றால் த்ரீ ஃபோர்க்ஸில் தொடங்கிக் கிழக்கே தெற்கு வழியில் இறங்குங்கள். வழியில் லிவிங்ஸ்டன் ஊர் காற்றுக்குப் பேர்போனது, அந்தக் காற்று உங்களை முதுகில் தள்ளிவிடும். கிளார்க்கும் இரண்டு மரத்தோணிகளைச் சேர்த்துக் கட்டி, ஜூலை 24-ல் ஏறி ஆகஸ்ட் 3-க்குள் மிசௌரியைப் பிடித்துவிட்டார்.

அந்த வேகத்திலும் அவர் நின்ற ஓர் இடம் பாம்பீஸ் பில்லர். பில்லிங்ஸுக்குக் கிழக்கே சுமார் 45 கி.மீ., ஆற்றங்கரையில் தனியாக நிற்கும் மணற்பாறை. குழுவோடு வந்த பழங்குடிப் பெண் சகாகாவியாவின் குழந்தையைச் செல்லமாகப் பாம்ப் என்று கூப்பிடுவார், அந்தப் பெயரையே பாறைக்கு வைத்தார். படியேறிப் பார்த்தால் கண்ணாடிக்குப் பின்னால் அவர் கையால் செதுக்கிய பெயரும் தேதியும் தெரியும்: 1806 ஜூலை 25.