ஹென்ரியட்டா பார்னெட் பள்ளி: மகள் சேர்ந்து மூன்றாவது வருடத்தில் எழுதுகிறேன்

லண்டனில் நம் வீட்டுப் பெண் குழந்தைக்கு எட்டு வயது ஆனால் போதும், கோயிலில் பார்க்கிறவர்கள் எல்லாம் "லெவன் பிளஸ் எழுத வைக்கிறீங்களா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கிராமர் ஸ்கூலில் சேர எழுதுகிற நுழைவுத் தேர்வு அது. என் மகள் எழுதினாள், ஹென்ரியட்டா பார்னெட் என்ற பெண்கள் கிராமர் ஸ்கூலில் இடம் கிடைத்தது, இப்போது அங்கே இயர் நைன். அடிக்கடி யாராவது போன் போட்டு விசாரிப்பதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கிராமர் ஸ்கூல் என்றால் என்ன என்று ஊரிலிருந்து கேட்பவர்களுக்கு: பதினோரு வயதில் தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிற அரசுப் பள்ளி. இங்கிலாந்து முழுவதும் 163தான் இருக்கின்றன. ஃபீஸ் கிடையாது, ரிசல்ட் பெரிய பெரிய தனியார் பள்ளிகளுக்குச் சமம், அதனால்தான் இந்தக் கூட்டம். ஹென்ரியட்டா பார்னெட்டில் ஏறத்தாழ நூறு இடங்களுக்கு இரண்டாயிரத்துக்கும் மேல் பிள்ளைகள் எழுதுகிறார்கள்.

தேர்வு இரண்டு சுற்று. நாங்கள் எழுதிய வருடம் கோடை விடுமுறை முடிந்த கையோடு முதல் சுற்று: ஆங்கிலம், வெர்பல் ரீசனிங் (சொற்களை வைத்து யோசிக்கிற கேள்விகள்), நான்-வெர்பல் ரீசனிங் (படங்களையும் வடிவங்களையும் வைத்து யோசிக்கிறவை). அதில் முதல் 300 பேரை மட்டும் இரண்டாம் சுற்றுக்குக் கூப்பிடுவார்கள், அங்கே ஆங்கிலமும் கணக்கும், பேனா பிடித்து எழுத வேண்டும். கொடுத்த விடைகளில் ஒன்றை டிக் அடித்தே பழகிய பிள்ளைகள் இங்கேதான் திணறுகிறார்கள். பள்ளியில் பதிவு செய்துவிட்டோமே என்று இருந்துவிடாதீர்கள், அக்டோபர் 31-க்குள் உங்கள் கவுன்சிலுக்கு (உள்ளாட்சி மன்றத்துக்கு) அனுப்புகிற பள்ளிச் சேர்க்கை ஃபாரத்திலும் பள்ளியின் பெயரைப் போட வேண்டும். அதில் எத்தனாவது இடத்தில் போட்டீர்கள் என்பதைப் பார்த்துப் பள்ளி முடிவு செய்வதில்லை, பிடித்த வரிசையிலேயே தைரியமாகப் போடுங்கள். முடிவு மார்ச் 1.

டியூஷன் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒரு சென்டரில் சேர்த்திருந்தோம். ஒரே சனிக்கிழமையில் மூன்று மாதிரித் தேர்வு வைத்து, ரேங்க்கைச் சுவரில் ஒட்டுவார்கள். ஒரு நாள் வீட்டுக்கு வந்து தட்டில் இருந்த தோசையைத் தொடாமல், "நான் முப்பத்தோராவதும்மா" என்றாள். ஒன்பது வயது. அந்த வாரமே நிறுத்திவிட்டோம். அப்புறம் லைப்ரரிப் புத்தகங்கள், தினமும் நாற்பது நிமிடம் வீட்டிலேயே பயிற்சி, அவ்வளவுதான். எல்லாருக்கும் இதுவே சரிவரும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சாப்பாட்டை மறக்கடிக்கிற எந்தப் பயிற்சியும் பிள்ளைக்கு வேண்டாம்.

பள்ளியின் கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஹென்ரியட்டா பார்னெட் தன் கணவரோடு கிழக்கு லண்டனில் ஒயிட்சேப்பலின் ஏழை மக்களிடையே வருடக்கணக்கில் வேலை செய்தவர். பணக்காரரும் ஏழையும் ஒரே ஊரில் அக்கம்பக்கமாக வாழ வேண்டும் என்று 1907-இல் வடக்கு லண்டனில் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் என்ற குடியிருப்பை உருவாக்கினார். வீட்டுக்கு வீடு மதில் வேண்டாம், செடிவேலி போதும் என்பது அவர் எண்ணம், இன்றைக்கும் அந்தத் தெருக்களில் நடந்தால் பச்சை வேலிதான் கூட வரும். பள்ளி அங்கேதான் 1911-இல் ஆரம்பித்தது. கட்டடம் நம் புது டெல்லியை வடிவமைத்த லட்யன்ஸ் வரைந்தது, செங்கல்லும் உயரமான ஜன்னல்களுமாக, எதிரே பெரிய புல்வெளி, இரு பக்கமும் லட்யன்ஸே வடிவமைத்த இரண்டு தேவாலயங்கள். பள்ளியின் வாசகம் 'கீப் ட்ரோத்', அதாவது சொன்ன சொல் காப்பாற்று. ஏழைகளுக்காக உழைத்த ஹென்ரியட்டா தொடங்கிய பள்ளிக்குள் நுழைய இன்று டியூஷனுக்குச் செலவழிக்க முடிந்த வீடுகளே முந்திக்கொள்வது எனக்கு உறுத்துகிறது. வசதி குறைந்த குடும்பங்களுக்குச் சில இடங்களில் முன்னுரிமை உண்டு, தகுதி இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

உள்ளே எப்படி? படிப்பு வேகம் அதிகம், ஆனால் என் மகளுக்குக் கிடைத்த பெரிய விஷயம் வேறு. பழைய பள்ளியில் கையைத் தூக்கக் கூச்சப்பட்டவள், இங்கே புத்தகம் படிப்பதும் கேள்வி கேட்பதும் எல்லாரும் செய்கிற வேலை என்பதால் வாயைத் திறந்துவிட்டாள். பெண்கள் மட்டும் என்பதும் இதில் உதவியது. எப்போதும் முதலாவதாக வந்த பிள்ளை இங்கே நடுவில் நிற்கும், அதற்கு மட்டும் வீட்டில் முன்கூட்டியே பேசி வையுங்கள்.

குறை என்றால் தூரம். நாங்கள் ஹாரோ. 183 பஸ்ஸில் கோல்டர்ஸ் கிரீன், அங்கிருந்து இன்னொரு பஸ், குளிர்காலத்தில் இருட்டில் கிளம்பி இருட்டில் வருகிறாள். தோழிகள் லண்டனின் நாலு மூலையிலும் இருப்பதால் சாயந்திரம் யார் வீட்டுக்கும் ஓடிப் போக முடியாது.

பெற்றோர் பள்ளியைச் சுற்றிப் பார்க்கிற ஓபன் டேக்குக் காரை எடுக்காமல் கோல்டர்ஸ் கிரீனில் எச்2 ஏறுங்கள், சபர்புக்குள் கை காட்டினால் நிற்கிற குட்டி பஸ். அங்கே சுற்றிக் காட்டுவது மாணவிகள்தான், உங்கள் மகளை அவர்களோடு முன்னால் நடக்க விட்டு நீங்கள் பத்தடி பின்னால் வாருங்கள்.