மண்ணீரலை எடுப்பதா, மருந்தால் சுருக்குவதா?

அப்பாவுக்கு வந்தது ஸ்ப்ளீனிக் மார்ஜினல் ஸோன் லிம்போமா. மெதுவாக வளரும் ரத்தப் புற்றுநோய். சாதாரணமாக 150 முதல் 200 கிராம் இருக்கும் மண்ணீரல் தொப்புள் வரை இறங்கிவிட்டது. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். ஹீமோகுளோபினும் பிளேட்லெட்டும் இறங்கிக்கொண்டே போயின. பெங்களூரில் பார்த்த டாக்டர் இரண்டு வழி சொன்னார்: ஆபரேஷன் செய்து மண்ணீரலை எடுப்பது, அல்லது ரிட்டுக்ஸிமாப் மருந்து ஏற்றுவது. நாங்கள் மருந்துக்குப் போனோம். அதனால் இந்த அலசலும் அந்தப் பக்கம்தான் சாயும்.

தொந்தரவே இல்லாதவர்களுக்கு இரண்டுமே வேண்டாம், கண்காணித்தால் போதும். ஹெபடைடிஸ் சி இருந்தால் முதலில் அந்த வைரஸுக்குத்தான் மருந்து. அதிலேயே லிம்போமாவும் அடங்குவது உண்டு.

ஆபரேஷனுக்கு நியாயம் இருக்கிறது. வயிற்றுப் பாரம் அன்றே போய்விடும், ரத்த அணுக்கள் சீக்கிரம் ஏறும், எடுத்த உறுப்பைப் பரிசோதித்து நோய் இன்னதென்று உறுதியாகச் சொல்லலாம். ஆனால் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் நோய் அங்கேயேதான் இருக்கும். கல்லீரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கும் அபாயமும் உண்டு.

இதெல்லாம் சரி, எங்களைத் தீர்மானிக்க வைத்தது காய்ச்சல் பயம். நிமோகாக்கஸ் மாதிரி மேலே உறை போர்த்திய கிருமிகளை ரத்தத்திலிருந்து வடிகட்டுவது மண்ணீரல். அது இல்லாதவருக்கு அந்தத் தொற்று வந்தால் சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடலாம். அதனால்தான் ஆபரேஷனுக்குக் குறைந்தது 2 வாரம் முன்பே நிமோகாக்கல், மெனிஞ்சோகாக்கல், ஹிப் (ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளுயன்ஸா பி) தடுப்பூசிகளைப் போடச் சொல்கிறார்கள். ஆனால் தடுப்பூசி போட்டாயிற்று என்று அசந்துவிட முடியாது. காய்ச்சல் என்றால் கைவசம் வைத்திருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொண்டு நேரே ஆஸ்பத்திரி. முதல் சில வருடங்களில் அபாயம் அதிகம். பிறகு குறையுமே தவிர, ஆயுளுக்கும் முழுசாகப் போகாது.

அப்பா மாதத்தில் பாதி நாள் செங்கம் பக்கத்து ஊரில் இருப்பவர். அங்கே ராத்திரி காய்ச்சல் வந்தால் கஷாயம் குடித்து, ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுவார். விடிந்த பிறகுதான் எங்களுக்கு போன் வரும். இங்கே பெங்களூர் அல்சூரில் இருந்தால் காலை நடை, தெருநாய்கள். மண்ணீரல் இல்லாதவருக்கு நாய்க்கடி என்றால் ரேபிஸ் ஊசியோடு முடியாது. நாயின் வாயில் இருக்கும் சில பாக்டீரியாவுக்கும் மருந்து வேண்டும். மலேரியாவும் கடுமையாகத் தாக்கும். இத்தனை ஜாக்கிரதையை அப்பாவிடம் எதிர்பார்ப்பது நடக்காத காரியம்.

ரிட்டுக்ஸிமாப் வாரம் ஒன்றாக 4 வாரம் ஏறியது. முதல் நாள் மட்டும் குளிர் நடுக்கம். ட்ரிப்ஸை நிறுத்தி, மெதுவாக்கி, மாலைவரை இழுத்தது. மற்ற நாட்களில் டே கேரிலிருந்து சீக்கிரமே வீடு. மண்ணீரல் வாரக்கணக்கில்தான் சுருங்கியது, பொறுமை வேண்டும். செலவும் பழைய மாதிரி இல்லை. 2007இல் ரெடிடக்ஸ் என்ற இந்திய ரிட்டுக்ஸிமாப் வந்ததிலிருந்து இந்தியத் தயாரிப்புகள் விலையைக் கீழே கொண்டுவந்துவிட்டன.

இதிலும் வம்பு உண்டு. ஹெபடைடிஸ் பி ஒளிந்திருந்தால் கிளப்பிவிடும். முதல் ட்ரிப்ஸுக்கு முன்பே அந்த ரத்தப் பரிசோதனை கட்டாயம். எதிர்ப்புச் சக்தி குறையும். அதன்பின் பல மாதங்களுக்குத் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. நோய் திரும்பவும் வரலாம். வந்தால் இதே மருந்தை மறுபடி ஏற்றிப் பார்க்கலாம், ஆபரேஷனும் கைவசம் இருக்கிறது.

மண்ணீரலை வீங்கவைக்கும் மற்ற ரத்த நோய்களிலும் இதே கதைதான். ஹேரி செல் லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்கும் ஒரு காலத்தில் மண்ணீரலைத்தான் எடுத்தார்கள். இப்போது முதலில் கிளாட்ரிபின் மருந்து. எலும்பு மஜ்ஜை தழும்பேறிப்போகும் மைலோஃபைப்ரோஸிஸுக்கு 2011இல் ருக்ஸோலிடினிப் மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற பிறகு கத்தி பின்னுக்குப் போயிற்று.

ஆபரேஷன் பக்கம் நான் நேரில் பார்த்தது அப்பாவோடு நடக்க வரும் ஒருவரை மட்டுமே. அவர் நன்றாகவே இருக்கிறார், சட்டைப்பையில் ஆன்டிபயாடிக்கோடு. மருந்துக்கு மண்ணீரல் அசையவில்லை, அல்லது பயாப்ஸியில் நோய் பிடிபடவில்லை என்றால் நாங்களும் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டிருப்போம். அப்பாவின் செங்கம் பயணத்தையும் நிறுத்தியிருப்போம்.