மண் வரப்பா, வெட்டிவேர் வேலியா?

சரிவான நிலத்தில் மழைநீர் மேல்மண்ணை அள்ளிச் செல்வதைத் தடுக்க உதவும் சமமட்ட வரப்பு, வெட்டிவேர் வேலி ஆகிய இரண்டும் சரிவுக்குக் குறுக்கே ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் சம உயரக் கோட்டை ஒட்டித்தான் அமைகின்றன. ஆனால் வரப்பு நீரைத் தேக்குகிறது, வேலியோ அதன் வேகத்தைக் குறைத்துப் பரவலாக வடிய விடுகிறது.

வரப்பின் பெரிய பலம், போட்ட நாளிலிருந்தே அது வேலை செய்யும் என்பதாகும். சரிவு மிதமாகவும் மண் நீரை உறிஞ்சக்கூடியதாகவும் இருந்தால், தேங்கிய நீர் அங்கேயே நிலத்துக்குள் இறங்கிவிடும். காய்ந்தால் வெடிக்கும் களிமண்ணில் நிலைமை வேறு. வெடிப்பில் புகும் நீர் வரப்பைக் குடைந்து, ஓரிடத்தில் உடைத்துக்கொண்டு மொத்தமாகப் பாயும்போது, வரப்பே இல்லாதிருந்தால் விழுந்திருக்காத ஆழமான பள்ளம் விழுந்துவிடுகிறது. ஓர் எலி வளைகூட இதற்குப் போதும். எனவே மிகுநீர் வெளியேறக் கல் பாவிய கலிங்கு இல்லாத வரப்பை அரைகுறை வேலை என்றே சொல்வேன்.

வெட்டிவேரில் இந்த அபாயம் குறைவு. 10 முதல் 15 செ.மீ. இடைவெளியில் நட்ட தூர்கள் ஒன்றோடொன்று இணைந்து அடர்ந்த பின், அவற்றின் விறைப்பான தாள்களில் சருகும் வண்டலும் சிக்கி, சில ஆண்டுகளில் வேலியின் மேட்டுப் பக்கத்தில் தானாகவே ஒரு திட்டு உருவாகும். வேர்கள் பக்கவாட்டில் அதிகம் படராமல், நல்ல மண்ணில் 3 மீட்டர் வரை செங்குத்தாக இறங்குவதால், அருகிலுள்ள பயிருடன் பெரிதாகப் போட்டியிடுவதில்லை. குறை காத்திருப்புதான். வேலி அடர்வதற்கு ஒன்றிரண்டு பருவங்கள் செல்லும். அதுவரை பட்டுப்போன தூர்களுக்குப் பதிலாகப் புதியவற்றை நடாவிட்டால், அந்தச் சந்து வழியே நீர் பீறிடும். அடர்ந்த நிழலிலும் இது தேறாது.

அவசரமும் ஆள்பலமும் இருந்தால் வரப்பைப் போட்டு, அதன் மேட்டுப் பக்க ஓரத்திலேயே வெட்டிவேரை நடுவது என் தேர்வு. வெடிக்கும் களிமண் நிலத்தில் வேலியை மட்டும் நம்புவேன்.