ஏசிஇ2 புரதம் வாங்குமுன்: ஹிஸ் டேக்கா, எஃப்சியா, பயோட்டினா?

கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதம் ஒட்டுகிற மனித ஏற்பி ஏசிஇ2. செல் வளர்ப்பில் தயாரித்த இந்தப் புரதம் பல வடிவங்களில் விற்பனையில் இருக்கிறது. புரதத்தோடு சேர்க்கும் டேக்கை, அதாவது அதைப் பிடிக்க உதவும் இணைப்பைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் வழக்கம்: ஹிஸ் என்பது ஹிஸ்டிடின்களின் சிறு வரிசை, எஃப்சி என்பது ஆன்டிபாடியின் இரட்டையாக இணையும் வால் துண்டு, பயோட்டின் என்பது ஒட்டவைக்க உதவும் ஒரு வைட்டமின். அதற்கும் முன்னால் பார்க்கவேண்டியது அமினோ அமில எல்லை, அதாவது துண்டு எந்த அமினோ அமிலத்தில் தொடங்கி எதில் முடிகிறது என்பது. முழு ஏற்பியில் 805 அமினோ அமிலங்கள். 18 முதல் 615 வரையிலான துண்டு பெரும்பாலும் ஒற்றை மூலக்கூறாகவே நிற்கும். 740 வரை நீண்டால் கழுத்துப் பகுதியும் சேர்ந்துவிடுவதால், எஃப்சி இல்லாமலே இரண்டிரண்டாக இணையும். ஹிஸ் டேக் இருந்தாலே ஒற்றை என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

பிணைப்பு வலிமையை எண்ணாகச் சொல்லவேண்டிய வேலைக்கு 615இல் முடியும் ஹிஸ் வடிவமே சரி. மூல வைரஸின் ஆர்பிடிக்கு (ஸ்பைக்கில் ஏசிஇ2வைப் பிடிக்கும் பகுதி) 2020இல் வெளியான அளவீடுகளே சில நானோமோலாரிலிருந்து 40 நானோமோலாருக்கு மேல் வரை பரந்து கிடந்தன; எண் குறைந்தால் பிணைப்பு வலுவானது. புரதத்தின் வடிவமும் பிணைப்பை அளக்கும் கருவியின் சென்சாரில் எதை ஒட்டவைத்தோம் என்பதும் இந்த எண்ணை மாற்றக்கூடியவை. எஃப்சி இரட்டையைக் கரைசலில் ஓடவிட்டு ஆர்பிடியைச் சென்சாரில் நெருக்கமாக ஒட்டினால், ஒரு கை விட்டாலும் மறு கை பிடித்திருக்கும். பிரியும் வேகம் பொய்யாகக் குறைந்து தெரியும். திருப்பிப்போட்டு, எஃப்சி வடிவத்தைச் சென்சாரில் பிடித்து ஒற்றை ஆர்பிடியை ஓடவிட்டால் இந்தச் சிக்கல் இல்லை. ஹிஸ் டேக்கை நிக்கல் சென்சாரில் பிடித்தால் அளவீட்டு வரைபடத்தின் அடிக்கோடு மெல்லச் சரியும்; பஃபரில் (சோதனைக் கரைசல்) உலோகத்தைப் பறிக்கும் இடிடிஏ இருந்தால் நிக்கலே கழன்றுவிடும்.

குழித்தட்டில் புரதத்தைப் பூசி, நிற மாற்றத்தால் பிணைப்பைக் கண்டறியும் எலைசா சோதனையில் எஃப்சி வடிவம் வசதியானது. குழிக்கு 100 மைக்ரோலிட்டர், மில்லிலிட்டருக்கு 1 முதல் 2 மைக்ரோகிராம், 4 டிகிரியில் இரவு முழுக்கப் பூசினால் பொதுவாகப் போதும். மனித சீரத்தை (ரத்தத்தின் தெளிந்த நீர்) சோதித்து, மனித ஐஜிஜி என்ற ஆன்டிபாடி வகைக்கு எதிரான இரண்டாம் ஆன்டிபாடியால் கண்டறிகிறீர்களா? அது நேரே பூசிய எஃப்சியிலேயே ஒட்டி எல்லாக் குழியையும் நிறமாக்கும். எலி எஃப்சி அல்லது ஹிஸ் வடிவத்துக்கு மாறுங்கள். எச்ஆர்பி என்ற நிறம் தரும் நொதி இணைத்த ஆர்பிடியைச் சீரம் தடுக்கிறதா என்று பார்க்கும் முறையில் இரண்டாம் ஆன்டிபாடியே இல்லை. அங்கே மனித எஃப்சி தடையில்லை. ஆர்பிடியிலும் ஏசிஇ2விலும் ஹிஸ் டேக் இருந்தால் ஹிஸ் ஆன்டிபாடியால் இரண்டையும் பிரித்தறிய முடியாது.

பயோட்டின் வடிவத்தில் ஏவி டேக் (பயோட்டின் ஏறுவதற்கென்றே உள்ள குட்டி வரிசை) வழியாக ஏற்றியதையே கேட்டு வாங்குங்கள், விலை கூடினாலும். அதில் லைசின் என்ற அமினோ அமிலம் ஒன்றில் மட்டும் ஒரே பயோட்டின். வேதிமுறையில் ஏற்றியது கிடைத்த லைசினில் எல்லாம் உட்காரும். ஸ்பைக் ஒட்டும் முகத்திலேயே 31, 353 என்ற இரண்டு முக்கிய லைசின்கள் இருக்கின்றன. அவை மூடப்பட்டால் பிணைப்பு குறையும்.

எந்தச் செல்லில் செய்தது என்பதும் முக்கியம். எச்இகே293 மனிதச் செல். சர்க்கரைச் சங்கிலிகள் இயல்பை ஒட்டி இருக்கும். பூச்சிச் செல்லில் அவை குட்டையாகும். 90ஆம் இடத்துச் சர்க்கரை ஸ்பைக்கோடு ஒட்டுவதைச் சற்றுத் தடுப்பது என்பதால், வெவ்வேறு செல்களில் செய்த புரதங்களின் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடாதீர்கள்.

'செயல்திறன் உள்ளது' என்ற குறிப்பு ஸ்பைக் பிணைப்பைச் சொல்கிறதா, நொதிச் செயலைச் சொல்கிறதா என்று பாருங்கள். நொதிக்குத் துத்தநாகம் வேண்டும், இடிடிஏ அதைப் பறிக்கும். துத்தநாகத்தைப் பிடிக்கும் 374, 378ஆம் ஹிஸ்டிடின்களை மாற்றிய வடிவம் நொதியாக வேலை செய்யாது, ஆனால் ஸ்பைக்கைப் பிடிக்கும்.