ஏபிஜி எடுக்க எந்த சிரிஞ்சு?

வென்டிலேட்டர் அளவுகளை மாற்றுவதற்கு முன் ஐசியூவில் எல்லோரும் பார்ப்பது ஏபிஜி முடிவைத்தான்; தமனி இரத்தத்தில் உள்ள வாயுக்களை அளக்கும் சோதனை அது. ஆனால் கருவிக்குள் போவதற்கு முன்பே, சிரிஞ்சிலேயே அந்த இரத்தம் கெட்டுவிடலாம்.

பல இடங்களில் இன்றும் சாதாரண 2 மி.லி. பிளாஸ்டிக் சிரிஞ்சுதான். இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பரின் மருந்தைக் குப்பியிலிருந்து கொஞ்சம் உறிஞ்சி, உட்சுவரை நனைத்து, மீதியை வெளியே தள்ளுகிறார்கள். செலவு மிகக் குறைவு. எந்த நேரமும் கையில் கிடைக்கும். சிக்கல், முழுவதும் தள்ளாமல் தங்கிவிடும் திரவத்தில் இருக்கிறது. 1 மி.லி. இரத்தத்தோடு 0.1 மி.லி. ஹெப்பரின் கலந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் நீர்த்துவிடும். 40 மி.மீ. பாதரசம் இருக்க வேண்டிய கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 36, 37 எனக் காட்டும். பைகார்பனேட்டும் ஹீமோகுளோபினும் அதோடு இறங்கும். அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் பெரிதாக அசையாது என்பதால் பிழை கண்ணில் படுவதில்லை. அயனிக் கால்சியத்தின் (இரத்தத்தில் எதனோடும் ஒட்டாமல் தனித்திருக்கும் கால்சியம்) நிலை இன்னும் மோசம்: நீர்ப்பதோடு ஹெப்பரினும் கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது. அந்த எண்ணை நம்பி, தேவையே இல்லாத நோயாளிக்குக் கால்சியம் ஏற்றுவது எவ்வளவு தவறு!

உலர் ஹெப்பரின் பூசி வரும் ஏபிஜி சிரிஞ்சில் நீர்ப்பதற்குத் திரவமே இல்லை. விலை பல மடங்கு. வாங்கும்போது உறையில் எலக்ட்ரோலைட் சமன்செய்த ஹெப்பரின் (கால்சியம் போன்ற உப்புகளை முன்பே சேர்த்தது) என்று இருக்கிறதா எனப் பாருங்கள். சமன்செய்யாத உலர் ஹெப்பரினும் கால்சியத்தைக் குறைத்துக் காட்டும். இதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. எடுத்த உடனே உள்ளங்கைகளுக்கிடையே உருட்டி, தலைகீழாகப் பலமுறை திருப்பாவிட்டால் இரத்தம் உறைந்து கருவியை அடைத்துவிடும்.

இதிலும் இரண்டு வகை. காற்று வெளியேறும் உலக்கை (சிரிஞ்சுக்குள் நகரும் தண்டு) உள்ளது தமனி அழுத்தத்திலேயே தானாக நிரம்பும். மணிக்கட்டில் குத்தி எடுப்பவருக்கு அது பெரும் உதவி. தமனிக்குள் ஏற்கெனவே குழாய் போட்டிருந்தால் மெதுவாக இழுக்கும் வகையே போதும். வேகமாக இழுத்தால் சிவப்பணுக்கள் சிதைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறும்; பிரிக்காத முழு இரத்தத்தில் அந்தச் சிதைவு கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

கண்ணாடி சிரிஞ்சு ஆக்சிஜனைக் கசியவிடாது. ஆய்வகம் தொலைவில் இருந்து, பனிக்கட்டியில் வைத்து அனுப்ப வேண்டியிருந்தால் அதற்கு இடமுண்டு. பிளாஸ்டிக்கைப் பனிக்கட்டியில் வைக்காமல் அறை வெப்பத்திலேயே 30 நிமிடத்துக்குள் சோதித்துவிடுவது நல்லது. எதில் எடுத்தாலும் காற்றுக்குமிழியை உடனே வெளியேற்றுங்கள். அது ஆக்சிஜன் எண்ணை, அறைக்காற்றின் அளவான சுமார் 150 பக்கமாக இழுக்கும்: 60 உள்ளவருக்கு நலமாகக் காட்டும், 300 உள்ளவருக்குக் குறைத்துக் காட்டும்.

என் தேர்வு, சமன்செய்த உலர் ஹெப்பரின் கொண்ட 1 மி.லி. சிரிஞ்சு. நாளைக்கு ஆறு முறை 2 மி.லி. எடுப்பதற்குப் பதில் 1 மி.லி. எடுத்தால் ஒரு வாரத்தில் 42 மி.லி. இரத்தம் நோயாளியிடமே இருக்கும். ஏற்கெனவே சோகையில் வாடுபவருக்கு அது சிறிய அளவல்ல. குறித்த கோடு வரை நிரப்புவதும் முக்கியம். பாதியில் நிறுத்தினால் ஹெப்பரின் விகிதம் கூடிவிடும்.

வாங்க வழியில்லாத வார்டில், மி.லி.க்கு 5000 யூனிட் குப்பியை விட்டு 1000 யூனிட் குப்பியை எடுங்கள். உலக்கையை அடிவரை தள்ளி, ஊசியில் தங்கியதையும் வெளியேற்றுங்கள். அப்படி எடுத்த இரத்தத்தின் கால்சியம் எண்ணை மட்டும் வைத்து மருந்து எழுத வேண்டாம்.